முன்னூற்றுப் பன்னிரண்டு

டீயில் சர்க்கரை போடவில்லையே, சார்? நல்லது. இந்த வயதில் நாக்கை அடக்கத் தெரிய வேண்டும். என் நண்பன் பரத்வாஜுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. அவன் விஷயமாகத்தானே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள், முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

லஸ் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடக்கிற ஒன்பது பேர் நாங்கள். எல்லோரும் ரிட்டையர்டு, எல்லோருக்கும் சர்க்கரை. நான் காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன், அதனால் செயலாளர் பொறுப்பு தானாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. ஞாயிறுதோறும் அவரவர் வெறும் வயிற்று அளவைச் சொல்ல வேண்டும். யாருக்குக் குறைவோ, அந்த வாரம் முழுக்க அவர் காபி குடிக்க ஒரு வெள்ளி டம்ளர். அதை வாங்கிப் போட்டதும் நான்தான். பதினாலு மாதமாக அது பரத்வாஜ் வீட்டை விட்டு நகரவில்லை. தொண்ணூற்று நாலு என்பான், தொண்ணூற்றொன்று என்பான். என் நூற்றுப் பதினெட்டைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லடா சுப்பு, மெதுவா வந்துடும்" என்று முதுகில் தட்டுவான். நாற்பது வருஷ நட்புதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், மறைப்பானேன்.

போன மாதம் அவனுக்கு மாரடைப்பு. நந்தனம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அடைப்பை எடுத்து, மூன்றாம் நாள் தனி அறைக்கு மாற்றினார்கள். அவன் மனைவி காமாக்ஷி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டும் என்று, பகலில் நான் துணைக்கு உட்கார்ந்தேன். கட்டில் தலைமாட்டில் அவன் ஃபைல் இருந்தது. பொழுது போகாமல் புரட்டினேன். சேர்த்த அன்று அவன் சர்க்கரை முன்னூற்றுப் பன்னிரண்டு.

மூன்று தடவை படித்தேன். ஆக, பதினாலு மாதமும் வாய்கூசாத பொய். எனக்குக் கோபம்கூட வரவில்லை, சார். ரொம்ப நாளாக இடித்த கணக்கு நேரான நிம்மதிதான் வந்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. நர்ஸ் நிஷா இன்சுலினைப் போட்டுவிட்டு, "உடனே சாப்ட வெச்சுடுங்க சார், லேட் பண்ணா சுகர் லோ ஆயிடும்" என்றாள். அவன் அரைத் தூக்கத்தில் இருந்தான். எழுப்ப எனக்கு மனமில்லை. தட்டை நானே காலி செய்தேன். பீர்க்கங்காய்க் கூட்டில் உப்பே இல்லை, மோர் தேவலை. நிஷா எட்டிப் பார்த்து, "ஐயா சாப்ட்டாரா?" என்றாள்.

"ஒரு பருக்கை மிச்சம் வைக்கலை" என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டு போனாள்.

ஒன்றரைக்கு அவன் முழித்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "சுப்பு, என்னமோ பண்றதுடா. தித்திப்பா ஏதாவது குடேன்" என்றான். மேஜை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. நர்ஸைக் கூப்பிடும் மணி என் கைக்கு எட்டும் தூரம்.

"தித்திப்பெல்லாம் எதுக்குடா, டம்ளர் போயிடுமே" என்றேன்.

பையில் இருந்த என் மீட்டரை எடுத்து அவன் விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்தொன்று. முதல் தடவையாக அவன் நேர்மையாக ஜெயித்திருக்கிறான் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் ஒரே ஓர் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான். அரை மணி கழித்து மறுபடி எடுத்தேன். இருபத்தொன்பது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான், கொஞ்ச நேரத்தில் அவனே விட்டுவிட்டான். மூச்சு இல்லை என்று நிச்சயமான பிறகு மணியை அழுத்தினேன்.

இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். தப்பில்லை, நின்றதுதானே.

பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் போனபோது காமாக்ஷி டம்ளரை விபூதி போட்டுத் தேய்த்து என் கையில் கொடுத்தாள். "முன்னூத்திப் பன்னண்டுன்னு பாத்து நான் பதறிட்டேன். ஹார்ட் அட்டாக் வந்தா அந்த அதிர்ச்சியிலயே சர்க்கரை ஏறிடுமாம், டாக்டர் சொன்னார். மூணு மாச சராசரி ரிப்போர்ட் அவர் போன அன்னிக்கு சாயங்காலம்தான் வந்துது. ரொம்ப நன்னா வெச்சுண்டிருந்தாராம்" என்றாள். லேபில் அதைக் காலையிலேயே அனுப்பியிருந்தால் பரத்வாஜ் இன்று பூங்காவில் நடந்துகொண்டிருப்பான். அவர்களையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

அவசரத்தில் என் மீட்டர் கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. நிஷா எடுத்துப் பார்த்திருக்கிறாள். தேதியும் மணியும் அதில் அப்படியே பதிந்திருக்கும், நான் எதையும் மறுக்கப் போவதில்லை. நான்தான் செய்தேன். ஒரு வேண்டுகோள் மட்டும். என் ஞாயிற்றுக்கிழமை அளவுகளும் அதில் இருக்கின்றன. நூற்றெண்பத்தெட்டு, இருநூற்று நாலு. பூங்காவில் நூற்றுப் பதினெட்டு என்றுதான் சொல்லியிருக்கிறேன், அங்கே காட்டிவிடாதீர்கள். எல்லோரும் கொஞ்சம் குறைத்துத்தானே சொல்வார்கள். ஒன்பது பேரில் ஒருத்தன் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தான் என்றால், அது எனக்கு எப்படி சார் தெரியும்?