கல்லுதான்

ஜெபகுமாரி: ...பொறவு கடல் வந்துது. முட்டத்துக் கடல். மொத்தமும் மஞ்ச.

செல்வதாஸ்: ஏட்டி, கண்ணத் தொற. ஆப்பரேசன் முடிஞ்சு ரெண்டு மணிக்கூர் ஆச்சு.

ஜெபகுமாரி: தொறந்துதான் இருக்கு. நீங்க தூரமா இருக்கிய.

செல்வதாஸ்: உனக்க கையப் பிடிச்சிட்டுதான் இருக்கேன்.

ஜெபகுமாரி: கடலுக்கு நடுவுல புதுக்கடைச் சந்தை. எல்லாக் கடையிலயும் கல்லு. நீங்க வெல பேசிட்டு நிக்கிய.

செல்வதாஸ்: வாங்கினேனா?

ஜெபகுமாரி: நீங்களா... கடைக்காரன் ஓடியே போனான். பையில என்னமோ மறச்சு வச்சிருந்திய.

செல்வதாஸ்: என்னத்த மறச்சேன்... மயக்க மருந்து ஏட்டி அது.

ஜெபகுமாரி: உள்ள என்ன இருந்துதாம்?

செல்வதாஸ்: கல்லுதான். பித்தப்பையில, பாக்கு அளவுக்கு. அது பக்கத்துல உள்ள குழாய அமுக்கி அமுக்கி நூலாட்டு சுருக்கிட்டு. பித்தம் எறங்க வழியில்ல. அதான் மஞ்ச ஏறிச்சு.

ஜெபகுமாரி: ரெண்டு மாசம் கீழாநெல்லி அரச்சு குடிக்க வச்சியளே.

செல்வதாஸ்: அந்தக் கசப்புக்குக் கல்லே எறங்கி ஓடும்னு...

ஜெபகுமாரி: களியாக்காதீங்க. சிரிச்சா வலிக்குது... பையயும் எடுத்தாச்சா?

செல்வதாஸ்: எடுத்தாச்சு. குழாயில ஒரு டியூப் வச்சிருக்கு. அனங்காத.

ஜெபகுமாரி: கட்டில் மெதக்குது... குடிக்க வெள்ளம் தாங்க.

செல்வதாஸ்: இப்பம் கூடாதாம். பஞ்ச நனச்சு ஒதட்டுல வைக்கேன்.

ஜெபகுமாரி: ஒரு மணிக்கூர்னு சொன்னிய. ஏன் இவ்வளவு நேரம்?

செல்வதாஸ்: ஒரு துண்டு சதைய லேபுக்கு அனுப்பி...

ஜெபகுமாரி: எதுக்கு?

செல்வதாஸ்: சும்மா.

ஜெபகுமாரி: இருபத்திரெண்டு வருசமா உங்ககூட குடும்பம் நடத்துதேன். சொல்லுங்க.

செல்வதாஸ்: ...கட்டி இல்லன்னு வந்துட்டு.

ஜெபகுமாரி: எந்தக் கட்டி?

செல்வதாஸ்: குழாய் சுருங்கினது கல்லாலயா, கேன்சராலயான்னு ஸ்கேன்ல தெரியல. தொறந்து பாத்தாத்தான் தெரியும்னு டாக்டர் சொன்னாரு. பத்து நாளா உனக்கிட்ட சொல்ல... நாக்கு வரல.

ஜெபகுமாரி: அழாதீங்க. அடுத்த கட்டில்காரி பாக்குதா.

செல்வதாஸ்: பாக்கட்டும்.

ஜெபகுமாரி: நெசமாட்டும் கல்லு மட்டுந்தானா?

செல்வதாஸ்: கல்லுதான் ஏட்டி. டாக்டர் எனக்க கையில எடுத்து வச்சாரு.

ஜெபகுமாரி: அப்பம் நம்ம சபை பாடகர் குழு ஜெபமணி அக்காவ போன்ல கூப்பிடுங்க.

செல்வதாஸ்: இப்பமா? எதுக்கு?

ஜெபகுமாரி: எனக்க அடக்க ஆராதனைக்கு மூணு பாட்டு எழுதி அவியகிட்ட குடுத்திருக்கேன். கிழிச்சுப் போடச் சொல்லுங்க.