இன்னும் வெள்ளையா ஒரு லைட்டு

இல்ல பாய், செத்த நேரம் அந்தத் திருப்புளியக் கீழ வைங்க. எங்க வீட்டு ஆளு எதுத்தாப்புல டீக் குடிக்கப் போயிருக்காரு, வர்றதுக்குள்ள சொல்லிப்புடுறேன். அவரு கேக்குறாருன்னு காரு முன்லைட்டுல இதவிடப் பெரிய எச்ஐடி பல்பத் தூக்கி மாட்டிப்புடாதீங்க. இப்பக் கெடக்குறது பத்தாதாக்கும்?

அது காரா பாய்? வாடகைக்கு ஓட்டுற ஓட்ட வண்டி. பின் கதவத் தெறக்க ரெண்டு ஆளு வேணும். சீட்டுல பஞ்சு பிதுங்கிக்கிட்டு நிக்கிது. மூஞ்சில மட்டும் அம்புட்டு வெள்ள. சித்தையன்கோட்டையில எங்க வாசல்ல நின்னு பொழுதடைய அந்த லைட்டப் போட்டாருன்னா, அடையப்போன கோழியெல்லாம் விடிஞ்சிருச்சுன்னு எறங்கி வருது. எதிர வர்ற டூவீலர்காரன் கண்ணப் பொத்திக்கிட்டு ஓரங்கட்டி, எங்க மாமியா வரைக்கும் இழுத்து வையிறான். அதக் கேட்டுட்டு இவரு சொல்றாரு, பொறாமையாம். ஒரு பல்பு மேல!

போன தடவ நீங்கதேன சொன்னீங்க? இந்த வண்டி டூமுக்கு, அதேன் அந்த லைட்டுக் கூட்டுக்கு, அந்த பல்பு ஆகாது, வெளிச்சம் செதறிப்போகும், ரோட்டுல விழுகாது, எதிராளி கண்ணுலதேன் விழுகும்னு. நான் அஞ்சாப்போட நின்னவ, எனக்கே வெளங்குச்சு. பாலிடெக்னிக் படிச்ச தொரைக்கு வெளங்கல.

மொதல்ல கம்பெனி பல்பு மஞ்சளா அழுது வடியுதுன்னாரு. அத மாத்துனாரு. அப்புறம் அதுவும் நொள்ளைன்னு இந்த வெள்ள. இப்ப இதும் மங்கிப்போச்சாம். நல்லாக் கேட்டுக்கங்க, மங்கிப்போச்சாம்! போன வாரம் செம்பட்டிப் பக்கம் பாலத்துச் செவத்துல ஒரசிட்டு வந்து லைட்டப் புடிச்சுத் திட்டுறாரு. வீட்டு லைட்டும் தப்பல. வெஞ்சனத்துல கெடந்த பச்ச மொளகாய பீன்சுன்னு கடிச்சுப்புட்டு, இருட்டுக்குள்ள ஆக்கிப் போடுறியாடின்னு எனக்கு ஒரு வசவு. டியூப் லைட்டு பாய் எங்க அடுப்படியில. ஊசி கோக்கலாம்.

உங்க மேலயும் எனக்குக் கோவந்தேன். ஆகாதுன்னு தெரிஞ்சும் மாட்டி விடுவீங்களா? சரி சரி, தொழிலு. மூஞ்சியத் தூக்காதீங்க.

பழைய மஞ்ச பல்பா? அதெதுக்கு, அதுவும் வேணாம். எதுவுமே எரியக்கூடாது. உள்ளுக்குள்ள ஏதாச்சும் ஒரு ஒயர அத்து விட்ருங்க. டூமே போச்சு, சாமான் மதுரையிலருந்து வரணும், தைப்பூசம் முடியட்டும்னு சொல்லுங்க. லைட்டு இல்லாம இருட்டுல எடுக்க மாட்டாரு, அம்புட்டுக்குப் பயம் இருக்கு. பகல்ல ஓட்டட்டும், யாரு வேணாங்குறா.

பொழப்பக் கெடுக்குறேனா? நானா? நாளைக்குப் பொழுதடைய பழனிக்கு ஒரு வாடகை ஒத்துக்கிட்டு நிக்கிறாரு பாய். ரோட்டோரம் பூரா பாதயாத்திரச் சனம். காவடி எடுத்துக்கிட்டு, புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, செருப்பில்லாம நடந்து போகுதுக. அதுக நடுவுல இவரு போகவா?

நான் சொன்னா எடுபடாது. கண்ணாஸ்பத்திரின்னு வாயெடுத்தாலே, என் கண்ணுக்கு என்னடி கேடுன்னு அடிக்க வாராரு. வண்டியில கோளாறுன்னு நீங்க சொல்லுங்க, நம்பிருவாரு. கோளாறு எப்பவும் வண்டியிலதேன அவருக்கு.

அந்தா கிளாசக் கீழ வச்சுட்டாரு. சீக்கிரம் பாய்.

நேத்து தோட்டத்துலருந்து பொழுதடைய வாரேன். வாசல்ல நிக்கிறாரு. நேரா என் மூஞ்சியப் பாத்து, யாரும்மா, வண்டி வாடகைக்கா, உள்ள வாங்க, எங்க வீட்டம்மா இப்ப வந்துரும், ஒக்காருங்கன்னு நாக்காலிய இழுத்துப் போட்டாரு. நானும் ஒக்காந்துட்டேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து, என்னய ஒக்காருன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல பாய் அந்த மனுசன்.