'பொம்மி அம்மா' வழங்கிய சான்றிதழ்

"அக்கா, இந்தக் கம்ப்யூட்டர் என்னைத் திருடிங்கிற மாதிரி பாக்குது. வந்து என்னன்னு கேளு."

"உன்னை இல்லடி. நீ போற இடத்தை நம்பாதேன்னு சொல்லுது."

"பொம்மியோட ஸ்கூல் பக்கத்துக்குத்தான் போனேன். அங்க திருடுறதுக்கு என்ன இருக்கு, நாலு சாக்பீஸா?"

"தள்ளு, பாக்குறேன். அதுக்குள்ள ஒரு டீ போடு."

எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சுதான். குடும்பத்தில் ஒருத்திக்குக் கம்ப்யூட்டர் தெரிந்துவிட்டால் மற்றவர்கள் அதைக் கற்றுக்கொள்வதே இல்லை. நான் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். கீழ்வீட்டில் இருந்த தங்கைக்கு நான் மாடியில் குடியிருக்கும் இலவச மெக்கானிக்.

அன்றைய கோளாறு மிகச் சிறியது. பழைய லேப்டாப். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. ஒவ்வொரு இணையதளமும் தான் இன்னார் என்று ஒரு சான்றிதழ் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அந்த லேப்டாப்பின் கணக்குப்படி பள்ளியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் சிவப்பு எச்சரிக்கை. தேதியைத் திருத்தினேன். தீர்ந்தது. அதோடு எழுந்திருக்கலாம்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டீர்கள்.

பொம்மி பிறந்த பிறகு தங்கைக்கு வெகுநாள் உடம்பு தேறவில்லை. அவள் கணவர் கப்பல் இன்ஜினியர்; சொந்த வீட்டுக்கே விருந்தாளி. குழந்தையை என் மாடி அறையில் வைத்து நான்தான் வளர்த்தேன். முதல் பல்லும் முதல் காய்ச்சலும் எனக்குத்தான் தெரியும். என்னைத்தான் அம்மா என்றாள். உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாள், அவர்கள் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். தங்கை சிரித்துக்கொண்டே குழந்தையை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணு, அது பெரியம்மா. அம்மா இங்க இருக்கேன் பாரு. பாவம், பெரியம்மாவுக்குப் பாப்பா இல்லைல்ல, அதான் உன்னை வச்சு விளையாடுறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே தொட்டில் கீழே இறங்கிவிட்டது. நான் சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை வராது.

எங்கள் அலுவலகத்தில் ஊழியர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கவனிக்க ஒரு முறை உண்டு. நாங்களே ஒரு சான்றிதழ் தயாரித்து, அதை நம்பும்படி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிவிடுவோம். பிறகு எல்லாப் பக்கங்களும் எங்கள் இயந்திரம் வழியாகவே போய் வரும். நடுவில் பிரித்துப் படித்தாலும் திருத்தினாலும் எச்சரிக்கை வராது. தங்கையின் லேப்டாப்பிலும் அதையே செய்தேன். வழங்கியவர் பெயரைக் கேட்டு ஒரு கட்டம் வரும். எதையாவது நிரப்ப வேண்டும். 'பொம்மி அம்மா' என்று நிரப்பினேன். அதைப் பார்த்துத்தான் உங்கள் ஆட்கள் என்னிடம் வந்தார்களாம். கவனமாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

"சரியாயிடுச்சா?"

"இனிமே அது உன்னை ஒரு கேள்வியும் கேக்காது."

"நீ இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று டீயை நீட்டினாள். டீ நன்றாக இருந்தது.

முதலில் பள்ளிக்கூடத்தார் அனுப்பும் படங்களை மட்டும்தான் பார்த்தேன். பிறகு தங்கையின் மார்பில் ஒரு கட்டி வந்தது. சோதனை செய்து, முடிவு மருத்துவமனையின் இணையதளத்தில் வரும் என்றார்கள். அவளுடைய கடவுச்சொல் ஏற்கெனவே என் வழியாகப் போயிருந்ததால் நான் முதலில் திறந்தேன். புற்றுநோய். ஆரம்ப நிலைதான், உடனே வந்தால் முழுக்கக் குணமாக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். அவள் பெயர், வயது, மருத்துவரின் கையெழுத்து எதையும் நான் தொடவில்லை. அவள் லேப்டாப்பில் தெரியும் முடிவை மட்டும் மாற்றினேன். சாதாரணக் கொழுப்புக் கட்டி, சிகிச்சை தேவையில்லை.

"ஒண்ணுமில்லையாம்க்கா. நான் வேற உயில் எழுதுற அளவுக்குப் போயிட்டேன்" என்று மாடிப்படி ஏறி வந்து கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். அந்த நிம்மதியை அவளுக்குத் தந்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போனை எங்காவது வைத்துவிட்டு எப்போதும் தேடுகிறவள் என்பதால், மருத்துவமனையில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். ஒரு செவிலியர் அழைத்தார்.

"மேடம், அவங்க ஏன் இன்னும் வரல? தள்ளிப்போடுற விஷயம் இல்ல இது."

"வேற ஆஸ்பத்திரியில பாக்குறாங்க சிஸ்டர். அக்கறையாக் கேட்டீங்களே, ரொம்ப நன்றி."

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. கட்டி செய்தது. அவள் களைப்பு என்றால் கால் பிடித்துவிட்டேன். இருமினால் வெந்நீர் கொடுத்தேன். என் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிய கை, தானாகவே அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நான் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. கேட்டால் அது பிச்சை.

வருடம் கடந்து, கடைசியில் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. அவள் கணவர் கப்பலிலிருந்து வந்து சேர்ந்து, கட்டில் ஓரம் நின்றிருந்தார். அவர் எதிரில்தான் தங்கை என் விரலைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"காதுல விழலடி. இன்னொரு தரம் சொல்லு."

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவளுக்கு நேரமானது. காத்திருந்தேன்.

"பொம்மிய நீ வச்சுக்கோக்கா. உன்னையே அம்மான்னு கூப்பிடட்டும்."

மறுநாள் இறந்துபோனாள். இறக்க வைத்தது நான்தான். அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் அவள் சொன்ன சொல் இருக்கிறது. அவள் கணவரே சாட்சி. அவருக்குப் பின்னல் போடக்கூடத் தெரியாது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டா போகிறாள்? நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

என் மகளை எப்போது என்னிடம் கூட்டிக்கொண்டு வருவீர்கள்?