எடுத்து வைத்த கிண்ணம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா டாக்சி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அவள் கையிலிருந்த கூடையில் ஒரு கிழட்டு முயல் அசையாமல் கிடந்தது.

"நேத்துலேர்ந்து ஒரு புழுக்கைகூடப் போடல. தண்ணி குடிக்குதான்னு டாக்டர் போன்ல கேட்டாங்க."

"தண்ணிக் கிண்ணத்த நான்தான் உள்ள எடுத்து வச்சேன்," என்றான் கணவன்.

"எதுக்கு?"

"வயசாயிடுச்சு லா. ட்ரேல ஏற முடியாம ஹால் முழுக்க மூத்திரம். தண்ணி கொறைச்சா அதுவும் கொறையும்னு நெனச்சேன்."

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

"போன மாசம் எங்கம்மா நம்ம வீட்ல தங்குனப்ப மெத்தைய நனைச்சாங்க. அப்புறம் அவங்க தண்ணி பாட்டில் அடிக்கடி காணாமப் போச்சு."

டாக்சி வந்தது. அவன் கூடையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.