ஸ்டோருக்குள் வைத்த எக்ஸ்ரே

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளின் மடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி உறை. உள்ளே ஏதோ சுருண்டு புடைத்துக்கொண்டிருந்தது.

“அவரோட பழைய எக்ஸ்ரே படத்தை ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருல வச்சுட்டேன் ஆத்தா” என்றாள் அவள்.

“நனையக் கூடாதது எல்லாத்தையும் அங்கதானக்கா வைப்போம்?” என்றாள் இளையவள். “எம் மகன் சர்ட்டிபிகேட்டும் அங்கதான் கெடக்கு.”

“சாரல்ல வீடே பூத்துப்போச்சு. படத்தையும் பூஞ்சை புடிச்சிருமோன்னுதான் வச்சேன். சூட்டுல சுருண்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு.”

“அதான் மதுரையில புதுசா எடுத்தாங்கள்ல?”

“எடுத்தாங்க. நெஞ்சுக்குள்ள அந்த நெணநீர்ப் புத்து இருக்கிறது தெரியுது. ஏத்துன மருந்துக்குக் கரையுதா, வளருதான்னு பழைய படத்தோட வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியுமாம். அதே மருந்தா, வேற மருந்தான்னு டாக்டரே முழிக்கிறாரு.”

ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. அவள் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன்கிட்ட என்ன சொன்னீக?”

“கட்டி பாதியாக் கொறஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. காய் எடுக்க ஆள் சொல்லிட்டியான்னு கேக்குறாரு.”

“நெசமாவே கொறஞ்சிருக்கலாம்லக்கா?”

அவள் உறையின் புடைப்பை உள்ளங்கையால் அழுத்தினாள்.

“காலையில அவருக்குச் சட்டை மாத்திவிட்டேன் ஆத்தா. அவரோட இன்னொரு ஆளும் அதுக்குள்ள நொழையலாம்.”