பெண்ணுக்குப் பெண்

— கோடாலியைக் கீழ போடு பூரோ மச்சான். உன் தங்கச்சி தண்ணி இழுக்க வந்தா, கால் வழுக்கிடுச்சு. கட்டின புருஷன் நான் என்ன செய்வேன்?

— வழுக்கிச்சா? நாலு கழுதை கட்டி இழுக்கிற கிணறுடா இது, ஒருத்தி கையால இழுப்பாளா? தோள் வரைக்கும் போட்ட வெள்ளை வளையலை எல்லாம் உடைச்சு உன் வாசல்ல கொட்டிட்டு வந்திருக்கா சுகணா. புருஷன் செத்தவதான் அதை உடைப்பா, கேத்தோ.

— போலீஸ்காரர் அவ புத்தி பேதலிச்சவள்னு எழுதிட்டாரு.

— பொணம் மேல வர்றதுக்கு முன்னாலயேவா?

— இந்தத் தார் பாலைவன மணல்ல இது புதுசா மச்சான்? ஹோலிக்கு முன்னால ஒருத்தி கிணத்துல விழுந்தா, மழைக்கு அப்புறம் ஒருத்தி.

— எல்லாம் இருபது தாண்டாததுங்க. எல்லாம் நம்மள மாதிரி பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த வீடு. அதை எழுதினாரா?

— நீ பேசாத. எந்தங்கச்சி நேனு பல்லை நீ உடைச்ச சேதி வந்த அன்னிக்குத்தான் சுகணா கையை முறிச்சேன். அங்க விழுந்ததுதான் இங்க விழுந்துச்சு.

— எம் பொண்டாட்டி, நான் அடிப்பேன்.

— எம் பொண்டாட்டி, நானும் அடிப்பேன்.

— இந்தா வாங்கிக்கடா!

— ஐயோ, தோளு! வெட்டிட்டியே, நாயே. வா, உன் தங்கச்சிக்குத் துணையா உன்னையும் உள்ள தள்ளுறேன்.

— தள்ளிப் பாருடா. உன்னை முடிச்சிட்டு, வீட்டுக்குப் போய் நேனுவையும் முடிக்கிறேன். சுகணா கிணத்துல விழுந்த சேதியைச் சொல்லி, "கோடாலியோட ஓடு"ன்னு அனுப்பினவளே அவதான்.

— அடேய், கயித்தை மிதிக்காதீங்கடா! கிணத்துக்குள்ள தொங்குறது நானு, தூர் வார்ற ஹர்ஜி.

— ஹர்ஜி அண்ணே, எந்தங்கச்சி கிடைச்சாளா? முகம் நல்லா இருக்கா?

— மூழ்கி மூழ்கித் தேடிட்டேன் பூரோ. பொணமே இல்ல. விடியல்ல தொபுக்குன்னு விழுந்தது திரிகைக் கல்லு. துணியில முடிஞ்சு கெடக்கு.

— அப்ப சுகணா எங்க? லாரி ஏறி ஓடிட்டாளா? விடியல்ல லாரி போற பாதையை எவனாவது பாத்தானா?

— எவன் பாப்பான் கேத்தோ? பொம்பளையைக் காணோம்னா நம்ம ஊருல கிணத்தைத்தானே எட்டிப் பாப்பானுங்க.

— லாரி எங்க ஊரு வழியாத்தான் போகும். நான் போய் மடக்குறேன்.

— போறதுக்கு முன்னால கேட்டுக்க, பூரோ. கல்லைக் கட்டின துணி ஒண்ணு இல்ல, ரெண்டு முக்காடு. ஒண்ணு சுகணாவோட பச்சை. இன்னொண்ணு கண்ணாடி வெச்சுத் தைச்ச செவப்பு. நேனு இப்ப உன் வீட்லதான் இருக்காளா?