பொலன்னறுவையில் கூப்பிட்ட பேர்

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு" என்று அவர் சொன்னதும் அந்த அம்மாள் சட்டென்று திரும்பினாள்.

மேலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய புருசன் பெண்டாட்டி. சிலோனில் வாடகைக் கார் பிடித்து, பழைய ராஜாக்களின் ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

"பொலன்னறுவையிலயா? உங்களக் காணாம அந்த இடிஞ்ச அரமனை பூரா அழுதுக்கிட்டே தேடுனேன்."

"மொதல்ல 'ஏங்க, ஏங்க'ன்ன."

"அம்புட்டுக் கூட்டத்துல ஏங்கன்னா யாரு திரும்புவா? அதான்..."

"அதான் பேரச் சொல்லிக் கூப்பிட்ட. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல மொதத் தடவ."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கேட்டுச்சுல்ல? அப்பவே ஏன் வரலை?"

"இன்னொரு தடவ கூப்பிடுவியான்னுதான் தூணுக்குப் பின்னாடியே நின்னேன்."

"எனக்கு உசுரே போயிருச்சு" என்று அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அவர் தடவிக்கொண்டே, "இப்ப ஒரு தடவ கூப்பிடேன்" என்றார்.

"சும்மா வாங்க. பஸ்ஸு பூரா நம்ம ஊர்க்காரக."

பஸ் ஒத்தக்கடையைத் தாண்டியது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த வருசமும் சிலோன் போவமா?"